சமாதானம் ஏன் ராஜி ஆனார்? ‘பியர்ஸ் ப்ளௌமன்’ கவிதையில் லஞ்சமும் நேர்மையும்

#1 பழையஏடு

14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லஞ்சம் எப்படி நடமாடியது என்பதை ‘பியர்ஸ் ப்ளௌமன்’ அளவுக்கு உயிரோடு காட்டும் வேறொரு கவிதையை நான் படித்ததில்லை. எழுதியவர் வில்லியம் லாங்லண்ட். ஏறக்குறைய 1370 தொடங்கி 1380-கள் வரை இதையே திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார். அதனால் ஏ, பி, சி என்று மூன்று வடிவங்கள் உண்டு. நான் பேசுவது பி வடிவத்தை வைத்து. வில் என்பவன் மால்வெர்ன் மலையில் ஓடைக்கரையோரம் தூங்கிப்போகிறான், கனவு காண்கிறான், அவ்வளவுதான் கதைச் சட்டகம். மற்றபடி வருகிறவர்கள் எல்லாம் மனசாட்சி, விவேகம், பொய்யன், புளுகன் என்று குணங்களே ஆட்களாக உலவுகிறவர்கள்.

நான் பேச விரும்புவது நான்காம் பகுதியில் வரும் ஒரு வழக்கை. சமாதானம் என்பவர் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு கொண்டுவருகிறார். எதிராளி அநியாயம். மனுவில் இருப்பதைப் பாருங்கள்: என் மனைவியைத் தூக்கிக்கொண்டு போனான். ரெஜினால்டின் காதலி ரோஸைக் கெடுத்தான், மார்கரெட்டையும் விடவில்லை. அவன் ஆட்கள் என் வாத்துகளையும் பன்றிக்குட்டிகளையும் பிடித்துப் போகிறார்கள். என் குதிரையை இரவல் வாங்கினான், திருப்பித் தரவே இல்லை. களஞ்சியக் கதவை உடைத்துக் கோதுமையை அள்ளிப்போனான், கையில் கொடுத்தது பத்து குவார்ட்டர் (அந்தக் காலத் தானிய அளவு) ஓட்ஸுக்கு ஒரு கணக்குக் குச்சி. கேட்டால் அடி. அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருக்கிறது.

ராஜாவுக்கு இது உண்மை என்று தெரியும், மனசாட்சி சொல்லிவிட்டது. அநியாயத்தை விலங்கிட்டு உள்ளே போடு, ஏழு வருஷம் அவன் தன் காலைப் பார்க்கக் கூடாது என்கிறார். உடனே சாமர்த்தியம், சூட்சுமம் என்ற இரண்டு வக்கீல்கள் மீட் சீமாட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். மீட் என்றால் வெகுமதி, பரிசு, லஞ்சம் எல்லாமே. அவள் சமாதானத்தின் கையில் சுத்தத் தங்கம் வைக்கிறாள். “இனி அவன் இப்படிச் செய்ய மாட்டான், நான் பொறுப்பு” என்கிறாள். அவ்வளவுதான். மண்டை உடைந்து ரத்தத்தோடு வந்த அதே மனிதர் ராஜாவிடம் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறார்: அவனை மன்னித்துவிடுங்கள், எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தக் காட்சியில் பயப்பட வேண்டியது அநியாயத்தைப் பார்த்து அல்ல, மீட்டைப் பார்த்தும் அல்ல. பாதிக்கப்பட்டவரே லஞ்சத்துக்கு வக்கீலாக மாறும் அந்த நிமிஷத்தைப் பார்த்துத்தான். கெட்ட அதிகாரிகளைத் திட்டிய கவிஞர்கள் எத்தனையோ பேர். நல்லவன் எந்த இடத்தில் விலைபோகிறான் என்று இவ்வளவு நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. உங்களுக்கு எப்படிப் படுகிறது?

#2 கோர்ட்குமாஸ்தா

அண்ணே, அந்த ஆளை இப்படி வாரலாமா? இந்த மாதிரி மனுக்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சமாதானம் செய்ததுதான் புத்திசாலித்தனம். அநியாயம் ஏழு வருஷம் விலங்கில் கிடந்தால் இவருக்கு என்ன லாபம்? கோதுமை திரும்பி வருமா? மண்டைக் காயத்துக்கு வைத்தியச் செலவு யார் தருவார்? வெளியே அவன் ஆட்கள் இருக்கிறார்கள், மனு போட்டவர் அதே ஊருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ராஜி பேசி காசு வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சூட்சுமம் சொல்லும் வாதமும் முட்டாள்தனமானது இல்லை. தீங்கு செய்தவனை அடித்து நொறுக்கி, பாதிக்கப்பட்டவனுக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதைவிட, ஈடு கொடுத்துத் தீங்கை ஆற்றுவது மேல் என்கிறான். எந்த நீதிபதியும் தலையாட்டக்கூடிய வாதம்.

எனக்குப் பிடித்த ஆள் வேறொருவர். வழக்கு முடிந்து மீட் தலைகுனிந்து நிற்கும்போது ஷெரிஃபின் எழுத்தர் ஒருவர் மொத்தக் கும்பலையும் பார்த்துக் கத்துகிறார்: கோர்ட்டில் உங்களுக்கு எத்தனை தடவை உதவினேன், ஒரு கோரைப்புல் பெறுமானம்கூட எனக்குத் தந்ததில்லையே! லஞ்சம் ஒழிந்தது பற்றி அவருக்குக் கவலை இல்லை, தன் பங்கு வரவில்லையே என்பதுதான். இதை எழுதியவர் கோர்ட் வாசலில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

#3 பழையஏடு

சூட்சுமத்தின் வாதத்துக்கு ராஜாவே பதில் சொல்கிறாரே. இவன் இவ்வளவு சுலபமாகத் தப்பினால் சிரிப்பான், அடுத்த தடவை இன்னும் துணிந்து என் ஆட்களை அடிப்பான் என்கிறார். சமாதானத்துக்கு நஷ்டஈடு கிடைத்துவிட்டது, சரி. அடுத்த களஞ்சியத்துக்காரனுக்கு? இரண்டு தரப்புக்கும் திருப்தி என்பதாலேயே வழக்கு தீர்ந்துவிட்டதாக ஆகாது என்பதுதான் அங்கே விஷயம்.

#4 சும்மாவந்தவன்

இடையில் ஒரு கேள்வி. கணக்குக் குச்சி என்றால் என்ன? கோதுமையை எடுத்துக்கொண்டு ஓட்ஸுக்குக் கணக்கு எதற்கு?

#5 தாழம்பூ

அந்த ஒரு வரியில் ஒரு முழு நிர்வாக முறையே இருக்கிறது, கேட்டது நல்லதாகப் போயிற்று. ராஜாவின் வீட்டுக்கும் படைக்கும் வேண்டிய தானியம், மாடு, வண்டி ஆகியவற்றை ஊர்களில் எடுத்துக்கொள்ளும் உரிமை அரசாங்க ஆட்களுக்கு இருந்தது. உடனே காசு கிடையாது. ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுகள் போட்டு, அதை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைக் கொடுப்பார்கள். பிறகு அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க முடிந்தால்! கோதுமை விலை அதிகம், ஓட்ஸ் விலை குறைவு. எடுத்தது ஒன்று, எழுதியது ஒன்று. அநியாயம் என்ற பெயரில் வருகிறவன் ஏதோ வழிப்பறிக்காரன் இல்லை, அரசாங்க முத்திரையோடு வருகிற ஆளின் சாயல் அவனிடம் நன்றாகவே தெரிகிறது.

மக்கள் தொல்லை தாங்காமல் புலம்பி, 1362-இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. அதில் செய்த முக்கிய மாற்றங்களில் ஒன்று, வெறுக்கப்பட்ட ‘பர்வேயர்’ என்ற பதவிப் பெயரை எடுத்துவிட்டு ‘வாங்குபவர்’ என்று வைத்தது! பெயர் மாறியது, தொல்லை தொடர்ந்தது. குச்சிகளுக்கும் ஒரு பிற்கதை உண்டு. கருவூலத்தில் 19-ஆம் நூற்றாண்டுவரை அவை புழங்கின. 1834-இல் பழைய குச்சிகளைச் சூளையில் போட்டு எரிக்கப்போய் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

இப்போது ராஜி விஷயம். பழையஏடு, நீங்கள் மீட்டின் பிறப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். இரண்டாம் பகுதியில் அவளைப் பற்றி இரண்டு சாட்சியம் வருகிறது. திருச்சபைத் தாய் சொல்கிறாள், இவள் பொய்யனின் மகள் என்று. இறையியல் என்பவர் எழுந்து, இல்லை, இவள் நஷ்டஈட்டுக்கு முறையாகப் பிறந்தவள், கடவுள் இவளை உண்மைக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்திருந்தார் என்கிறார். ஒரே பெண், இரண்டு பூர்வீகம். அப்படியானால் சமாதானத்தின் கையில் விழுந்த தங்கம் எந்த வம்சம்? முறையான ஈடா, வாயடைக்கும் காசா? இதைக் கவிஞர் திறந்தே வைத்திருக்கிறார். நீங்கள் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

அவளை முதலில் காட்டும்போதே அந்தச் சிக்கல் இருக்கிறது. கருஞ்சிவப்பு ஆடை, விரல் முழுக்கத் தங்கக் கம்பி, அதில் மாணிக்கம், வைரம், நீலம். தலையில் கிரீடம். பார்க்கிறவன் மயங்கிப்போகிறான், கவிஞரும் கொஞ்சம் மயங்கித்தான் வர்ணிக்கிறார்.

#6 மெல்கியோர்

தாழம்பூ சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மூன்றாம் பகுதியில் ராஜா மீட்டை மனசாட்சிக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். பணமும் இருக்கட்டும், நேர்மையும் இருக்கட்டும், இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்பது அவர் கணக்கு. மனசாட்சி முடியவே முடியாது என்கிறது. அதற்கு மீட் சொல்லும் பதிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஜா வேலையாட்களுக்குக் கொடுக்கிறார், போப் கொடுக்கிறார், வியாபாரி இல்லாமல் ஊர் நடக்காது, கொடுக்கல் வாங்கல் இல்லாமல் எந்த ஆட்சி நடந்தது என்கிறாள். ராஜாவே “அவள் ஜெயித்துவிட்டாள் போலிருக்கிறதே” என்று சொல்லிவிடுகிறார்!

மனசாட்சி அப்போதுதான் பிரித்துக் காட்டுகிறது. கடவுள் தம் அருளால் தரும் வெகுமதி ஒன்று. செய்யக் கூடாததைச் செய்வதற்கு அளவில்லாமல் வாங்குவது இன்னொன்று. கூலிக்காரன் வாங்குவதும் வியாபாரி பெறுவதும் இதில் எதிலும் சேராது, அது அளந்து கொடுக்கும் கூலி, பண்டத்துக்குப் பண்டம். ஆகவே சோதனை தொகையில் இல்லை. வேலைக்கும் காசுக்கும் அளவுப் பொருத்தம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

மீட் விடுவதாக இல்லை. நீதிமொழிகளிலிருந்து வசனம் எடுத்துவிடுகிறாள், பரிசு கொடுக்கிறவனுக்கு மரியாதை கிடைக்கும் என்று. மனசாட்சி ஒத்துக்கொள்கிறது, ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நீ பாதி வசனம் படித்த பெண் மாதிரி இருக்கிறாய் என்கிறது. அந்தப் பெண் ‘எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள்’ என்ற வரிவரை படித்தாள், பக்கம் அங்கே முடிந்தது, சந்தோஷமாக மூடிவிட்டாள். பக்கத்தைத் திருப்பியிருந்தால் ‘நல்லதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று இருந்திருக்கும். மீட் சொன்ன வசனத்துக்கும் மறுபாதி உண்டு: வாங்குகிறவர்களின் ஆன்மாவை அது எடுத்துக்கொண்டு போய்விடும். சமாதானம் வாங்கியவர். அதனால் இந்த விஷயத்தில் நான் பழையஏடு பக்கம்.

#7 வரப்பு

எல்லாரும் மேலே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆறாம் பகுதிக்கு வாருங்கள். அங்கே இதே கவிஞர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

1348-49 கொள்ளைநோயில் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனது. ஆள் பற்றாக்குறை, கூலி ஏறியது. உடனே 1349-இல் ஓர் ஆணை, 1351-இல் தொழிலாளர் சட்டம்: கொள்ளைநோய்க்கு முந்தைய கூலிக்குத்தான் வேலை செய்ய வேண்டும். கவிதையின் தலைப்பில் வரும் உழவன் பியர்ஸின் அரை ஏக்கர் உழவில் வேலைக்கு வந்தவர்களைக் கவிஞர் எப்படிக் காட்டுகிறார்? நேற்றைய காய்கறி வேண்டாமாம், மலிவு பீரும் பன்றிக்கறித் துண்டும் போதாதாம், புது இறைச்சியோ பொரித்த மீனோ சுடச்சுட வேண்டுமாம். கூலி கூட்டித் தராவிட்டால் திட்டுவார்களாம், இப்படிச் சட்டம் போட்ட ராஜாவையும் ஆலோசகர்களையும் சபிப்பார்களாம். சபிக்காமல் என்ன செய்வார்கள்?

சோம்பேறிகளை அடக்கச் சொல்லி பியர்ஸ் முதலில் நைட்டை, அதாவது ஆயுதம் தாங்கும் மேட்டுக்குடி வீரரை, கூப்பிடுகிறான். நைட் மரியாதையாக எச்சரிக்கிறார், ஒருவனும் மதிக்கவில்லை. அப்புறம் பசியைக் கூப்பிடுகிறான். பசி வந்து வயிற்றைப் பிசைந்து, கன்னத்தில் அறைந்து, எல்லாரையும் வேலைக்குத் துரத்துகிறது. அறுவடை வந்து வயிறு நிறைந்ததும் மறுபடி பழைய கதை. மெல்கியோர் சொன்ன ‘அளந்து கொடுக்கும் கூலி’யை அளக்கிற படி யார் கையில் இருந்தது? சட்டம் போட்ட நிலக்கிழார்கள் கையில். இதை மட்டும் மனசாட்சி கேட்கவே இல்லை.

#8 தாழம்பூ

வரப்பு, பாதிதான் சரி. அதே பகுதியில் பியர்ஸ் நைட்டுக்குச் சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள். குடியானவனைத் தொல்லை செய்யாதே. ஏழை பரிசு நீட்டினால் வாங்காதே. உன் பண்ணையாளைக் கேவலமாக நடத்தாதே, மேலுலகில் அவன் உன்னைவிட உயரத்தில் உட்காரலாம். கோயில் எலும்புக் கிடங்கில் போய்ப் பார், எது குடியானவன் எலும்பு, எது நைட் எலும்பு என்று கண்டுபிடிக்க முடியாது. ஓர் உழவன் நைட்டைப் பார்த்து இதைச் சொல்கிறான், அவரும் சரி என்று கேட்டுக்கொள்கிறார்.

பசி வந்து அடிக்கிற இடத்திலும் பியர்ஸுக்கு மனசு கேட்பதில்லை. இவர்கள் என் ரத்த சகோதரர்கள், கடவுள் எங்கள் எல்லாரையும் விலைகொடுத்து மீட்டார் என்று சங்கடப்படுகிறான். தீர்வு தெரியாமல் தடுமாறுகிறான் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். முதலாளி வக்கீல் என்று முத்திரை குத்தினால் நான் ஏற்க மாட்டேன்.

#9 வரப்பு

எலும்புக் கிடங்கில் சமத்துவம், வயலில் பழைய கூலி. சரி சரி.

ஆனால் 1381 உழவர் கிளர்ச்சியில் கிளர்ச்சிக்காரர்கள் இந்த உழவனைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். பாதிரியார் ஜான் பால் பெயரில் சுற்றிய கடிதங்களில் பியர்ஸ் ப்ளௌமன் தன் வேலைக்குப் போகட்டும், ஹாப் என்ற கொள்ளைக்காரனைத் தண்டிக்கட்டும் என்று வருகிறது. ஜானை அந்த ஜூலையிலேயே செயின்ட் ஆல்பன்ஸில் தூக்கில் போட்டார்கள். கவிஞர் எழுதியது ஒன்றாக இருக்கட்டும், கேட்டவர்கள் காதில் விழுந்தது வேறு. எனக்கு அந்த இரண்டாவதுதான் முக்கியம்.

#10 சும்மாவந்தவன்

படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம். கடைசியில் ராஜா விவேகத்தையும் மனசாட்சியையும் கூடவே இருங்கள் என்று வைத்துக்கொள்கிறார், வழக்கு முடிகிறது. ராஜா நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் மோசம் என்ற பழைய பல்லவிதானே இது? அதிகாரத்தின்மேல் கைவைக்கவே இல்லையே.

#11 பழையஏடு

முன்னுரையில் வரும் எலிக் கதையைப் படித்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். அரண்மனைப் பூனை ஒன்று எலிகளை இஷ்டத்துக்குப் பிடித்து விளையாடுகிறது. எலிகள் கூட்டம் போடுகின்றன. பெரிய எலி ஒன்று, லண்டனில் சீமான்கள் கழுத்தில் பளபளக்கும் சங்கிலி போட்டுத் திரிகிறார்களே, அதுபோல் ஒன்று வாங்கி மணி கட்டிப் பூனைக்கு மாட்டிவிடுவோம் என்கிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள், மணியும் வாங்கியாயிற்று. கட்ட ஒருவனும் இல்லை. அப்போது சுண்டெலி எழுந்து சொல்கிறது: இந்தப் பூனையைக் கொன்றாலும் இன்னொன்று வரும். அது முயல் பிடித்துக்கொண்டிருக்கும்வரை நம்மை விட்டுவிடுகிறது. பூனை குட்டியாக இருக்கும் அரண்மனை அதைவிட மோசம். அது இல்லாவிட்டால் நாமே ஜனங்கள் பீர் காய்ச்ச வைத்திருக்கும் முளைதானியத்தை அழித்துவிடுவோம்.

இது காற்றில் வந்த கதை இல்லை. 1376-இல் கூடியதைத்தான் ‘நல்ல பாராளுமன்றம்’ என்பார்கள். பீட்டர் டி லா மேர் தலைமையில் காமன்ஸ் சபையினர் லாட்டிமர் பிரபுவையும் லண்டன் வியாபாரி ரிச்சர்ட் லயன்ஸையும் ஊழலுக்காகக் குற்றம் சாட்டித் தண்டனை வாங்கித் தந்தார்கள். வயதான மூன்றாம் எட்வர்டின் ஆசைநாயகி ஆலிஸ் பெரர்ஸை அரண்மனையை விட்டே விரட்டினார்கள். மீட் சீமாட்டியில் ஆலிஸின் சாயலைப் பார்க்கும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ரோச்செஸ்டர் பிஷப் பிரின்டன் அந்த வருஷமே பூனைக்கு மணி கட்டும் கதையைப் பிரசங்கத்தில் சொன்னார், வெறும் பேச்சோடு நிற்காதீர்கள் என்று.

அப்புறம் நடந்தது? சில மாதங்களில் எல்லாம் தலைகீழ். ராஜாவின் மகன் ஜான் ஆஃப் காண்ட் கை ஓங்கியது, லாட்டிமருக்கு மன்னிப்பு, டி லா மேருக்கு நாட்டிங்காம் சிறை, ஆலிஸ் மறுபடி அரண்மனையில். 1377-இல் எட்வர்ட் இறந்தபோது பட்டத்துக்கு வந்தது பத்து வயது ரிச்சர்ட். பூனைக்குட்டி என்று சுண்டெலி சொன்னது யாரை என்று அன்றைக்குப் படித்த எவருக்கும் விளங்கியிருக்கும். பிஷப் துணிச்சலுக்காகச் சொன்ன கதையைக் கவிஞர் கசப்புக்காகத் திருப்பிவிட்டார். முடிவில் வில் சொல்கிறான்: இந்தக் கனவுக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்லத் துணிவில்லை. ராஜாமேல் நம்பிக்கை வைத்தவர் எழுதுகிற வரியா இது?

#12 கோர்ட்குமாஸ்தா

சுண்டெலி நடைமுறை தெரிந்த ஆள். நான் ஆரம்பத்திலிருந்து அதைத்தான் சொல்கிறேன். 🙂

அப்புறம், வக்கீல்களைப் பற்றி முன்னுரையில் வரும் அடியை யாரும் சொல்லவில்லையே. பட்டுக் குல்லாய் போட்டு நிற்கிறார்கள், காசைக் கண்ணில் காட்டாமல் அவர்கள் வாயிலிருந்து ஒரு முனகல் வாங்குவதைவிட மால்வெர்ன் மலைப் பனிமூட்டத்தை அளந்துவிடலாம் என்று. எங்கள் சீனியரிடம் வாசித்துக் காட்டினேன், ரசிக்கவில்லை.

#13 மெல்கியோர்

கோர்ட்டை மட்டும் அடித்தால் போதுமா, எங்கள் திருச்சபைப் பக்கத்தையும் சொல்கிறேன். துறவி ஒருவர் மீட்டிடம் பாவமன்னிப்புக் கொடுக்க வருகிறார். ஒரு பொற்காசு கைமாறுகிறது. அப்புறம் மெதுவாக, “எங்கள் மடத்தில் ஜன்னல் ஒன்று வேலை நடக்கிறது, கண்ணாடி போட்டுத் தந்தால் உங்கள் பெயரைப் பொறித்துவிடலாம்” என்கிறார். அவளும், ஆசையில் தவறும் சீமான்களிடமும் சீமாட்டிகளிடமும் நீங்கள் கடுமை காட்டாவிட்டால் ஜன்னல் என்ன, கூரையே வேய்ந்து தருகிறேன் என்கிறாள். இங்கே கவிஞர் கதையை நிறுத்திவிட்டு நேரடியாகவே திட்டுகிறார், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, ஜன்னலில் பெயர் எழுதாதீர்கள் என்று.

20-ஆம் பகுதியில் இது முற்றுகிறது. ஒற்றுமை என்ற களஞ்சியத்துக்குள் திருச்சபை முற்றுகையில் இருக்கிறது. முகஸ்துதித் துறவி வைத்தியர் வேஷத்தில் வருகிறார். வாசல் காவலாளி யார் தெரியுமா? சமாதானம்! முதலில் நன்றாகத்தான் தடுக்கிறார், உன்னை மாதிரி வைத்தியன் ஒருவன் என் எஜமானர் வீட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்த லட்சணம் எனக்குத் தெரியும் என்கிறார். பக்கத்தில் நயமான பேச்சு என்ற ஒருவன், திறந்து விடப்பா, இவரால் நல்லது நடக்கலாம் என்கிறான். கதவு திறக்கிறது. துறவி நோகாத களிம்பாகப் பூசுகிறார், மனவருத்தம் தன் பாவத்துக்கு அழவே மறந்துவிடுகிறது.

#14 பழையஏடு

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தங்கத்துக்கு ஒரு தடவை, நயமான பேச்சுக்கு ஒரு தடவை.

#15 தாழம்பூ

கொஞ்சம் நிதானம். 18-ஆம் பகுதியில் சமாதானம் கடவுளின் நான்கு புதல்விகளில் ஒருத்தி, அங்கே அவள் யாருக்கும் விலைபோகவில்லை. ஒரே பெயர் வந்தால் ஒரே ஆள் என்று நாவல் மாதிரி படித்தால் இந்தக் கவிதையில் வழி தவறிவிடும். ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குணம் எதற்கு ஆட்படுகிறது என்று பார்க்கலாம், அவ்வளவுதான். தவிர, 20-இல் துறவியை உள்ளே கூப்பிடச் சம்மதித்தது மனசாட்சி. மெல்கியோர் அதை மெதுவாகத் தாண்டிப் போய்விட்டார். மூன்றாம் பகுதியில் ராஜாவையே எதிர்த்து நின்ற அதே மனசாட்சி, இங்கே மரியாதைக்குக் கட்டுப்பட்டுக் கோட்டையைக் கோட்டை விடுகிறது. எனக்கு இதுதான் சமாதானத்தின் ராஜியைவிடப் பெரிய விஷயம்.

#16 சும்மாவந்தவன்

நான் படிக்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். மூன்று வடிவத்தில் எது? மூல மொழி கடினமா?

#17 தாழம்பூ

பி வடிவம். சி-யில் பியர்ஸ் மன்னிப்புப் பத்திரத்தைக் கோபத்தில் இரண்டாகக் கிழிக்கும் காட்சியையே கவிஞர் எடுத்துவிட்டார், அதை இழக்கக் கூடாது. எலிக் கதை ஏ-யில் கிடையாது. மூலத்தில் எதுகை, இயைபு எதுவும் இல்லை, ஒரே வரிக்குள் முதலெழுத்து மோனையாகத் திரும்பத் திரும்ப வரும். கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலம்தான், ஆனால் சொற்கள் அவரைவிடக் கொஞ்சம் கரடுமுரடு. எதிர்ப்பக்கத்தில் தற்கால ஆங்கிலம் போட்ட பதிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையிலிருந்து ஏழாம் பகுதிவரை ஒரே மூச்சில் படிக்கலாம். எட்டிலிருந்து வில் ‘நல்லது செய்’ என்பவரைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக அலைவான், அங்கே பொறுமை வேண்டும். பதினொன்றில் ரோமப் பேரரசர் டிராஜன் நரகத்திலிருந்து “புத்தகமாவது மண்ணாவது!” என்று கத்திக்கொண்டு வருவார், அதுவரை தாக்குப்பிடியுங்கள்.

#18 வரப்பு

ஐந்தாம் பகுதியில் பெருந்தீனிக்காரன் கோயிலுக்குப் போகிற வழியில் கள்ளுக்கடைப் பெண் கூப்பிட்டு உள்ளே நுழைகிற இடத்தைத் தாண்டிவிடாதீர்கள். டிராஜனுக்குத் தனி இழை போடுங்கள், திருச்சபைக்கு வெளியே இருந்தவன் நேர்மையால் மட்டும் கரையேறினான் என்பதற்கு மெல்கியோர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.